இரண்டாவது நேர்

எய்யா,

நேற்று மத்தியானம் நான் பல் டாக்டரிடம் போகவில்லை. என் பல்லுக்கு ஒன்றும் இல்லை. கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு நான் கிளம்பியதைப் பார்த்து, பெட்டி கட்டுகிற வேலையை அப்படியே போட்டுவிட்டு, "ஆட்டோ பிடிச்சுத் தரட்டாம்மா?" என்று வாசல் வரை வந்தாய். வேண்டாம் என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய் வேம்பார் பஸ்ஸில் ஏறினேன். உன் பள்ளிக்கூடம் இருக்கிற ஊரில் இறங்கி உன் வகுப்புப் பிள்ளை மெர்சியின் வீட்டை விசாரித்துக்கொண்டு போனேன். திரும்பி வந்ததும் உன்னிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். நீயோ பல்வலிக்காரிக்கு என்று கஞ்சி வைத்து, ஆற்றி, உப்புப் பார்த்துக் கொண்டுவந்து நீட்டினாய். அதைக் குடித்துவிட்டுப் பேச எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன், வழிமுறையைப் பிறகு எழுதுகிறேன். என் பிள்ளைகள் யாராவது இப்படி எழுதியிருந்தால் நான் மார்க் குறைத்திருப்பேன். விடை இதுதான்: மெர்சி வீட்டார் கடலில் மீன் பிடிக்கிற பாரின் அடையாளம் உன் மாமாவுக்குப் போனதற்கு மெர்சி காரணம் இல்லை, நீயும் காரணம் இல்லை. காரணம் நான். உன் பெயர் அந்த ஊரில் கெட்டதற்கும், ஒரு பிள்ளையின் படிப்பு நின்றதற்கும், நீ இடமாறுதல் கேட்டு வாங்கிக்கொண்டு நாளைக்குத் தர்மபுரிக்குப் போவதற்கும் நான்தான் காரணம். அத்தனையும் தெரிந்துகொண்டே உன் எதிரில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"ஒரு நாள் வந்து என் வகுப்பைப் பாரும்மா" என்று நீ கூப்பிட்டபோது எனக்கு உள்ளூரக் கொஞ்சம் இளக்காரம்தான். நீ செய்கிற கூத்தையெல்லாம் நீயே வந்து சொல்லியிருந்தாய். காகிதத்தில் கூம்பும் உருளையும் செய்து, மூன்று கூம்பு மணல் ஓர் உருளையை நிரப்பும் என்று காட்டப் போனவன் மின்விசிறியை நிறுத்த மறந்துவிட்டாய். வகுப்பு முழுவதும் மணல், மத்தியானச் சாப்பாட்டிலும் மணல். கோணமானியில் ஸ்ட்ராவைக் கட்டித் தண்ணீர்த் தொட்டியின் உயரம் அளக்கச் சொன்னபோது ஒரு பையன் தன் கண் உயரத்தைக் கூட்டாமல் விட்டு, தொட்டியை வகுப்பறைக் கூரைக்குக் கீழே இறக்கிவிட்டான். இதையெல்லாம் கேட்டுச் சிரித்திருக்கிறேன். சிரிப்புக்கு அடியில், இப்படி விளையாடினால் பாடத்தை எப்போது முடிப்பான் என்ற எண்ணமும் இருந்தது. முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள் புத்தி வேறு எப்படிப் போகும்.

ஆனால் அன்றைக்கு நான் பார்த்தது கூத்து இல்லை. ஒன்பதாம் வகுப்பு. இரண்டு நேர்கோடுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளி. நீ கரும்பலகைப் பக்கமே போகவில்லை. பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் இரண்டு அணியாகப் பிரித்தாய். ஒரு அணி பிஸ்கட் டப்பாவில் கடலை மிட்டாயைப் போட்டு மணலுக்குள் புதைக்க வேண்டும். அந்த டப்பாதான் பார், கடலுக்கு அடியில் மீன் கூடுகிற பாறைத்திட்டு. புதைத்த இடத்தில் நின்று பார்த்து இரண்டு அடையாளம் சொல்ல வேண்டும். கொடிக்கம்பம் தண்ணீர்த் தொட்டியின் மூலையை மறைக்கிறது, இது ஒரு நேர். வேப்பமரமும் சைக்கிள் ஷெட்டின் தூணும் ஒன்றாகத் தெரிகின்றன, இது இன்னொரு நேர். மற்ற அணி அந்த இரண்டையும் வைத்து டப்பாவைக் கண்டுபிடிக்க வேண்டும். கரையை ஏறிட்டுப் பார்த்து அடையாளத்தை ஒன்றோடொன்று நேர் வைத்துப் பாரைப் பிடிப்பது அந்தப் பிள்ளைகளின் அப்பாக்கள் செய்கிற காரியம்தான். பெரிய போட்டெல்லாம் ஜி.பி.எஸ். வைத்துக்கொண்ட பிறகும், கரையோரம் ஃபைபர் போட்டில் போகிறவர்கள் இன்றைக்கும் இப்படித்தான் போகிறார்கள். அதை நீ சமன்பாடாக்கி மைதானத்தில் ஓடவிட்டாய்.

அன்று ஒரு குறும்புக்கார அணி இரண்டு நேரையும் ஏறக்குறைய ஒரே திசையில் கொடுத்தது. மற்றவர்கள் கொஞ்சம் தலையைச் சாய்த்தாலும் வெட்டும் புள்ளி எங்கேயோ போய்விட, மைதானத்தைத் தோண்டித் தள்ளினார்கள். ஒருவன் கோபத்தில், "ஏலே, இது கள்ள நேர்லே! குறுக்க வெட்டுத மாதிரி குடுங்கல" என்று கத்தினான். நீ விசில் அடித்து எல்லோரையும் நிறுத்தி, "ஏன் குறுக்க வெட்டணும்? சொல்லு" என்று கேட்டாய். அந்தக் கேள்விக்கு அவர்கள் மணலில் குச்சியால் கோடு போட்டுச் சண்டை போட்டார்களே, அந்தச் சண்டையை நான் முப்பது வருஷத்தில் ஒரு நாள்கூட ஒரு வகுப்பில் கேட்டதில்லை. என் வகுப்பில் மூன்று நிபந்தனைகளையும் பாட்டு மாதிரி மனப்பாடம் சொல்வார்கள். வெட்டும் கோடு, இணைகோடு, ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் கோடு. சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

நீயும் அந்த வகுப்பில் இருந்தாய். ஒரு நாள் எழுந்து நின்று, "டீச்சர், இந்த ரெண்டு கோடும் எதுக்கு வெட்டணும்?" என்று கேட்டாய். வீட்டில் அம்மா, பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்று நான் உன்னைப் பழக்கியிருந்தேன். "பரீட்சைக்கு வெட்டணும், உக்காரு" என்றேன். வகுப்பு சிரித்தது. மகனுக்குச் சலுகை காட்டுகிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று, அடிக்கிற நாளில் முதல் அடி உனக்குத்தான் விழும். அந்த மைதானத்தில் நின்றபோது, நீ கேட்ட கேள்விக்கு நீயே பதில் கண்டுபிடித்துவிட்டாய் என்று தோன்றியது. பெருமையாக இருந்தது. பொறாமையாகவும் இருந்தது, எய்யா. பெற்ற பிள்ளைமேல் பொறாமைப்பட முடியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

வகுப்பறைக்குத் திரும்பி வரைபடத்தாளில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தபோதுதான் மெர்சி எழுந்தாள். நல்ல நேர் என்றால் எப்படி இருக்கும் என்று நீ கேட்டிருந்தாய். அந்தப் பிள்ளைக்கு முகமெல்லாம் வெளிச்சம். "சார், எங்கப்பா கோயில் மணிக்கூண்டயும் ஐஸ் கம்பெனி தொட்டியையும் நேர் வச்சுட்டு..." என்று ஆரம்பித்தாள். நீ உடனே கையைக் காட்டி, "மெர்சி, போதும். வீட்டு அடையாளம் வீட்டோட இருக்கட்டும்" என்று நிறுத்திவிட்டாய். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சொந்தப் போட்டு வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளைகள் கேட்காததுபோலத் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒரு குடும்பத்தின் பாரை இன்னொரு குடும்பம் கேட்கக் கூடாது, காதில் விழுந்தாலும் விழாததுபோல இருக்க வேண்டும் என்பது அந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும், நானும் அதே கரையில் சொந்தப் போட்டு வைத்திருந்த வீட்டில் பிறந்தவள்தான். நீ சரியாகத்தான் நடந்துகொண்டாய். கடைசி பெஞ்சில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று மட்டும் நீ பார்க்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை உன் அந்தோணி மாமா பூசை முடிந்து சாப்பிட வந்தான். ஞாயிறு கடலுக்குப் போகாத நாள், அக்கா வீட்டுச் சோறுதான் அவனுக்கு. நீ நண்பன் கல்யாணத்துக்குத் திருச்செந்தூர் போயிருந்தாய். நான் உன் வகுப்பைப் பற்றி அளக்க ஆரம்பித்தேன். என் தம்பி பத்தாம் வகுப்புக் கணக்கில் தோற்றுப் படிப்பை விட்டவன். வீட்டில் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான். மண்டையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்தேன், ஒன்றும் ஏறவில்லை. அன்றைக்கு அதே கணக்கை உன் முறையில் சொல்லிப் பார்த்தேன். சாப்பாட்டு மேசையில் டம்ளரை வைத்து, உப்பு ஜாடியை வைத்து, நேர் பிடித்துக் காட்டினேன். "அட, இதானாக்கா அது? இத அன்னைக்கே இப்படிச் சொல்லியிருந்தா நான் பாஸாயிருப்பேனே" என்றான். அந்த ஒரு வார்த்தையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

எடுத்துக்காட்டு வேண்டியிருந்தது. டம்ளரும் உப்பு ஜாடியும் போதாது என்று பட்டது. கையில் நல்ல எடுத்துக்காட்டு இருக்கும்போது மட்டமானதைச் சொல்ல எந்த டீச்சருக்கு மனம் வரும்? மெர்சி சொன்ன நேரைச் சொன்னேன். மணிக்கூண்டு, தொட்டி. யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லவில்லை, ஊரை மட்டும் சொன்னேன். அதுவே அதிகம்.

"ரெண்டாவது நேர் என்னக்கா?" என்றான்.

"தெரியாதுலே. பிள்ளைய அவன் பேச விடல."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஒரு நேரை வைத்துக்கொண்டு யாரும் எதையும் பிடிக்க முடியாது. ஒரே சமன்பாட்டுக்கு எண்ணற்ற தீர்வுகள் என்று எத்தனை பிள்ளைகளை எழுத வைத்திருக்கிறேன். நான் நிறுத்தவில்லை. "ஆனா கண்டுபிடிச்சிரலாம் பாரு" என்றேன். "மொத நேர் கிழக்க கடலுக்குள்ள ஓடுது. நல்ல நேர்னா அதக் குறுக்க வெட்டணும். அப்ப தெக்க பாக்கணும். அங்கன நின்னு தெக்க பாத்தா என்ன தெரியும்? தீவு முனை தெரியும். அதுக்குப் பின்னால அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி. முனையையும் புகைபோக்கியையும் நேர் வையி, முடிஞ்சுது."

உன் மாமா சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டான். கொஞ்ச நேரம் கழித்து, தண்ணீர் கேட்கிறவன் மாதிரிச் சாதாரணமாகக் கேட்டான்: "எந்தத் தொட்டிக்கா? பழைய தொட்டியா, புதுசா?"

எய்யா, அந்தக் கேள்வியில் எனக்குப் புரிந்துவிட்டது. அவன் இப்போது பாடம் கேட்கவில்லை என்று நன்றாகவே புரிந்தது. புரிந்த பிறகும், "பழசு. புதுசு அங்கன இருந்து பாத்தா கூண்டுக்கு நேர் வராது" என்று சொன்னேன். கேள்வி கேட்கிற மாணவனுக்கு விடை சொல்லாமல் இருக்க எனக்குத் தெரியவில்லை. இதற்குமேல் நான் என்ன சாக்குச் சொன்னாலும் அது சாக்குத்தான்.

அந்த வாரமே பை நிறைய விளமீன் வந்தது. "மாமாவுக்கு நல்ல மீன்பாடும்மா" என்று நீ சந்தோஷப்பட்டாய். குழம்பு வைத்தேன். நீ இரண்டாவது தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாய், முள்ளை உறிஞ்சிக்கொண்டே, "ஒன் கை மணம் யாருக்கும் வராதும்மா" என்றாய். நான் வயிறு சரியில்லை என்று ரசம் ஊற்றிக்கொண்டேன். மாமாவின் போட்டு அந்தப் பாரில் நிற்பதைப் பார்த்து இன்னொரு போட்டு போனது, அதைப் பார்த்து இன்னும் சில. பிறகு மெர்சியின் அப்பா உன் வகுப்பு வாசலுக்கு வந்தார்.

அவர் கத்தியதை நீ எனக்கு அப்படியே சொன்னாய். "பிள்ளையளுக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்கியளா சார், இல்ல எங்க பாரக் களவாங்குதியளா? மொதல்ல வந்து வல போட்டது ஒங்க மாமாதான?" பிள்ளைகள் அத்தனை பேர் முன்னாலும் கேட்டார். தலைமையாசிரியர் இனிமேல் பாடத்தை நான்கு சுவருக்குள்ளேயே நடத்துங்கள் என்றுவிட்டார். மறுநாளிலிருந்து மெர்சி வரவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காத பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எதற்கு என்று அவள் அப்பா நிறுத்திவிட்டார். அவர் கத்திய அன்று நீ வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாய்: "மாமாவுக்கு எப்படிம்மா தெரிஞ்சிருக்கும்?"

நான் சொன்னேன்: "கடல்ல யாருக்கு என்ன தெரியாதுய்யா? அந்தப் பிள்ள வேற யாருகிட்டயாவது சொல்லியிருக்கும்."

என் மேல் வந்திருக்க வேண்டிய பழியை, எழுந்து நின்று விடை சொன்ன ஒரு பிள்ளையின் தலையில் தூக்கி வைத்தேன். நீ நம்பினாய். அம்மா சொன்னால் நம்பாமல் என்ன செய்வாய். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதை மறைத்தால் மற்றதெல்லாம் சொல்லி என்ன பயன். உன் மைதான வகுப்பு நின்றுவிட்டது என்று கேட்டபோது என் மனதின் ஒரு மூலைக்கு நிம்மதியாக இருந்தது. இனி இவனும் என்னைப் போலத்தான் நடத்தியாக வேண்டும் என்று அந்த மூலை நினைத்தது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

உன் மாமாவிடம் போய்ச் சண்டை போட்டேன், அங்கே போகாதே என்று. "கடலுக்கு ஏதுக்கா வேலி? நீதான சொன்ன" என்றான். அவன் மீனை இப்போது நான் வாங்குவதில்லை. அதனால் யாருக்கு என்ன ஆயிற்று?

முந்தாநாள் நீ பெட்டி கட்டும்போது அந்தப் பிஸ்கட் டப்பாவைப் பழைய பேப்பர்காரருக்கு என்று ஒதுக்கி வைத்திருந்ததைப் பார்த்தேன். கோணமானி, ஸ்ட்ரா, கயிறு எல்லாம் அதற்குள்ளேயே கிடந்தன. போகிற ஊரில் புத்தகத்தைத் திறந்து, "எழுதிக்கோங்க" என்று சொல்லப் போகிறாய் என்று தெரிந்தது. என்னைப் போல ஆகப் போகிறாய். அதற்குப் பிறகுதான் எனக்குப் பல்வலி வந்தது.

மெர்சி வீட்டில் அவள் அம்மா, "உள்ள வாங்க டீச்சர்" என்று நாற்காலி போட்டாள். நான் உட்காரவில்லை. முற்றத்தில் மெர்சியின் அப்பா கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன், என் தம்பிக்குச் சொன்னவள் நான் என்று. அவர் கை நிற்கவில்லை. "பிள்ள சொல்லாம ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

"பிள்ள ஒரு நேர்தான் சொன்னா. சார் அதுக்கு மேல பேச விடல. ரெண்டாவத நானா யோசிச்சுச் சொன்னேன். ஒரு நேர வச்சு எவனாவது பாரப் பிடிப்பானா? ஒங்களுக்குத் தெரியாததா?"

இப்போது கை நின்றது. உள்ளே பார்த்து, "ஏளா, இங்க வா" என்றார். மெர்சி வந்து கதவோரம் நின்றாள். இந்தச் சில வாரத்தில் மெலிந்துபோயிருக்கிறாள்.

"நீ ரெண்டையும் சொல்லலியா?"

"கூண்டும் தொட்டியும்தான் சொன்னேன். அன்னைக்கே சொன்னேன்லாப்பா. நீங்க கேக்கவே இல்ல."

அவர் வலையைக் கீழே வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "அந்தப் பாரு எங்கய்யா எனக்குக் காட்டித் தந்தது டீச்சர்" என்றார். "நான் என் மவனுக்குக்கூட இன்னும் காட்டல. இனி அது ஊருப் பாரு. நீங்க வீடு தேடி வந்து சொல்லிட்டிய, சரி. அத நான் எங்கன போய்த் திருப்பி வாங்க?" குரலை உயர்த்தவே இல்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்குப் பதில் தெரியாத கேள்வியின் முன்னால் கைகட்டி நிற்பது எப்படி இருக்கும் என்று நேற்றுதான் தெரிந்தது. வலையைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே, "திங்கக்கெழம பள்ளிக்கூடம் போட்டும்" என்றார். அவ்வளவுதான். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. அதை எதிர்பார்த்து நானும் போகவில்லை.

நீ திரும்பி வா என்று நான் கேட்க முடியாது. உத்தரவு வாங்கியாயிற்று, உன் இடத்துக்கு வேறு ஆளும் வந்தாயிற்று. அந்த ஊருக்கு நீ போய் எந்த விளக்கமும் சொல்ல வேண்டாம். அது என் வேலை, தலைமையாசிரியரையும் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் ஓய்வேன். நீ எனக்குச் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. போகிற ஊரில் கடல் இல்லை என்று சும்மா இருந்துவிடாதே. கொடிக்கம்பம் இல்லாத பள்ளிக்கூடம் ஏது? ஒரு செல்போன் கோபுரம் இருக்கும், ஒரு புளியமரம் இருக்கும். பிள்ளைகளை வெளியே கூட்டிக்கொண்டு போ. கள்ள நேர் கொடுக்க விடு, சண்டை போட விடு, மணலும் மண்ணும் சோற்றில் விழட்டும். மின்விசிறியை மட்டும் நிறுத்திக்கொள். யாராவது ஒரு பிள்ளை ஆர்வத்தில் வீட்டுச் சங்கதியைச் சொல்லிவிட்டால், நீ மெர்சியை நிறுத்தியதுபோலவே நிறுத்து. அதற்குப் பிறகு தனியாகக் கூப்பிட்டு, தப்பு ஒன்றும் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு. என்மேல் கோபப்படு. எத்தனை நாள் பேசாமல் இருந்தாலும் சரி, நான் கேட்க மாட்டேன். கோபத்தை அந்த டப்பாமேல் மட்டும் காட்டாதே. அது உன் பெட்டியில், சட்டைகளுக்கு அடியில்தான் இருக்கிறது. இந்தக் கடிதத்தை அதற்குள்தான் வைக்கிறேன்.

நேற்று நான் புறப்பட்டபோது மெர்சி தெருமுனை வரை கூட வந்தாள். நான் என்ன சொல்வது என்று தெரியாமல், "சார் நாளக்கழிச்சு ஊருக்குப் போறாரும்மா" என்றேன். பஸ் வந்துவிட்டது. ஏறப் போன என் சேலை முந்தானையைப் பிடித்து நிறுத்தினாள். பள்ளிக்கூடத்துக்கு அப்பா வந்து கத்திய அன்றைக்கு, நீ அவளைப் பார்த்த பார்வை அவளுக்கு மறக்கவில்லையாம்.

"டீச்சர், சாருகிட்ட மறக்காமச் சொல்லுங்க," என்றாள். "நான் ஒரு நேர்தான் சொன்னேன்."

எய்யா, அவள் ஒரு நேர்தான் சொன்னாள். இரண்டாவதைச் சொன்னது உன் அம்மா.